பன்னிரண்டாவது ஓட்டம்

பரமத்தி வேலூரில் அந்த மாடியறை வெயிலில் வேகிறது. பதிவில் சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நடுத்தர விலைக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறான் யோகேஷ். சாயங்காலத்துக்குள் யூடியூபில் வீடியோ போட வேண்டும். விளையாட்டில் அதே காட்டுப்பாதை, அதே மழை. காலையிலிருந்து பதினொரு முறை ஓடிவிட்டான். திரைத் துல்லியம் 1080-இல் நொடிக்குத் தொண்ணூறு பிரேம், 1440-இல் அறுபது. இப்போது அதைவிடக் கூர்மையான 4கே; எண் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட, படம் திக்கித் திக்கி நகர்கிறது. கண் எரிகிறது. நூல் மில்லிலிருந்து வந்த மனைவி உஷாராணி, கைப்பையைக்கூட இறக்காமல் அவன் பின்னால் நிற்கிறாள். "ஏனுங்க, அந்த மழைல செத்த நேரம் நில்லுங்களேன்." "நின்னா கணக்கு கெட்டுரும், மறுக்காவும் மொதல்ல இருந்து ஓடோணும், உஷா." "ஓடிக்கலாமுங்க." அவன் விசையிலிருந்து விரலை எடுக்கிறான். இலைநுனியில் நீர் திரண்டு சொட்டுவதை இப்போதுதான் பார்க்கிறான்.