பாக்கெட்டின் பின்பக்கம்

"ஏல ஜெயகணேஷ், இதுல சோடியம் பன்னெண்டு சதவீதம்னு போட்டிருக்கே, எதுல பன்னெண்டு?"

மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு இசக்கிமுத்து கேட்டார். மகனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கிட்னி பாதிக்கு மேல் பழுது, உப்பைக் குறைக்காவிட்டால் இதயமும் தாங்காது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அன்றிலிருந்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனுஷன், இன்று தானாக வந்து கேட்கிறார்!

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு சோடியம் போதும்னு ஒரு அளவு வச்சிருக்காங்கப்பா. ரெண்டாயிரம் மில்லிகிராம். அதுல நூத்துக்குப் பன்னெண்டு."

"அவ்வளவுதானா? கம்மிதானே?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. அந்தப் பன்னெண்டு, முப்பது கிராமுக்கு. ஒரு கைப்பிடி. பாக்கெட்ல அஞ்சு கைப்பிடி இருக்கு. முழுசாத் தின்னா?"

"அறுபது." இசக்கிமுத்து பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடப்பாவிகளா! ரெண்டு பாக்கெட் தின்னா ஒரு நாள் கணக்கைத் தாண்டிருமே."

"அதுவும் நல்லா இருக்கிற ஆளுக்குப் போட்ட கணக்குப்பா. உங்க உடம்பு அதைக்கூடத் தாங்காது."

"சரி, எதெதுல ஜாஸ்தி இருக்கும்?"

"ஊறுகாய், அப்பளம், நூடுல்ஸ் மசாலா. அதையெல்லாம் கையாலகூடத் தொடக் கூடாது."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த கமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரிட்டயர் ஆகப் போற நேரத்துலயாவது புத்தி வந்துச்சே. இன்னும் ரெண்டு மாசம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு எங்கேயாவது நிம்மதியா இருக்கணும்ங்க."

"பாப்போம், பாப்போம்" என்று சிரித்தார் இசக்கிமுத்து.

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே ஒரு வாரமாயிற்று. பெண் கேட்டுப் பண்ருட்டிக்குப் போனபோது இசைப்பிரியாவின் அப்பா, "பையன் பெர்மனெண்டா? காண்ட்ராக்டா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். காண்ட்ராக்ட் என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வருஷமாகக் காதலித்த பெண். நிலக்கரி மைன்ஸில் அப்பா பார்க்கிற அதே வேலையைத்தான் மகனும் பார்த்தான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய காண்ட்ராக்ட். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இப்பவாவது உயிர் மேல ஆசை வந்துச்சேப்பா" என்றான் ஜெயகணேஷ்.

"எல்லாம் உனக்காகத்தாம்ல படிக்கேன்" என்றார் அப்பா.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் கமலா வைத்த உப்பில்லாக் குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் அப்துல் கபார் கடையில் நின்று, ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சைக்கிளில் ஷிப்டுக்குப் போகிறபோது ஜெயகணேஷ் அதைப் பார்ப்பான். அப்பாவை நினைத்து அவனுக்குப் பெருமையாக இருக்கும். கால் கொஞ்சம் வீங்குகிறதே என்று கேட்டபோது, "லைட் டியூட்டின்னு பேரு, நாள் முழுக்க நிக்க வைக்கானுவ" என்று மழுப்பிவிட்டார்.

ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பஸ் ஸ்டாப்பிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் இசக்கிமுத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"உப்பில்லாமத்தானே ஆக்கிப் போட்டேன்! பாத்துப் பாத்துத் தின்னாரே, அவரையா எமன் தேடி வரணும்!" கமலா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

யூனியன்காரர் சங்கரலிங்கம் ஜெயகணேஷின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "மனசைத் தேத்திக்க தம்பி. சர்வீஸ்ல இருக்கும்போதே போனதால வாரிசு வேலை கேக்கலாம். பெர்மனெண்ட். இதே அடுத்த வாரம் ரிட்டயர் ஆகிட்டுப் போயிருந்தா, ஒண்ணும் கேட்டிருக்க முடியாது."

ஜெயகணேஷ் அந்தக் கையைத் தட்டிவிட்டான். பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அப்பா எழுந்து வந்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்திருந்த அப்துல் கபார், அவன் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

"காலைல கூட என் கடையிலதான் தம்பி நின்னுகினு இருந்தாரு. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சிகினே இருப்பாரு, பாவம்."

"நான்தான் பாய் கத்துக் குடுத்தேன்" என்றான் ஜெயகணேஷ். "உப்பு ஜாஸ்தி இருக்கிறதை ஒதுக்கணும்னு."

கபார் பாய் புரியாமல் அவனைப் பார்த்தார்.

"ஒதுக்கிறதா? கம்மியா இருக்கிறதைத்தானே தம்பி, 'இது பத்தாது பாய்'னு திருப்பி வச்சிடுவாரு. இருக்கிறதுலயே ஜாஸ்தி சதவீதம் போட்டதா பாத்து, தினம் ரெண்டு பாக்கெட் பையில போட்டுகினு பஸ் ஏறுவாரு. யாருக்குண்ணே இவ்ளோன்னு கேட்டா, 'எல்லாம் என் பையனுக்குத்தான்'னு சொல்லுவாரே... நீ துன்னுறியோன்னு இல்ல நான் நெனச்சிகினு இருந்தேன்!"