நாற்பது வரிகள்

ஞானசிகாமணி எழுதிய நாற்பது நிரல் வரிகளையும் அழித்துவிட்டாள். அதே வேலையைச் செய்யும் வரிகளை இனி அவளே எழுத வேண்டும்.

மணி மூன்று. நான்குக்குள் ஒப்பந்தம் வாங்குகிற நிறுவனத்துக்குப் போயாக வேண்டும்.

பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள். அவளுடைய ஒன்பது வருட உழைப்பு. இனி அதற்கு இரண்டு உரிமம். ஊருக்கெல்லாம் எப்போதும்போல இலவசம். தன் கருவிக்குள் பூட்டி விற்க நினைக்கும் நிறுவனம் மட்டும் விலை கொடுக்கட்டும்.

அந்தப் பணம் வராவிட்டால் அடுத்த மாதம் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு வரிகள் எழுதிக்கொடுத்த எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வரிகள் வந்த அன்றே கையெழுத்து வாங்கியிருக்கலாம். 'நன்றி சார்' என்று அனுப்பியதோடு சரி.

எட்டுப் பேர் சம்மதித்தார்கள். நாகர்கோவில்காரர் ஞானசிகாமணி மட்டும் மாட்டேன் என்றார்.

"விக்கணும்னா என் வரிய எடுத்துட்டு வித்துக்கிடுங்க, மேடம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

விசையைத் தொட்டதும் பேச்சைப் பாதிச் சொல்லில் நிறுத்தும் வரிகள் அவை. கண் தெரிந்த அவளுக்கு அப்படியொன்று தேவை என்றே தோன்றியதில்லை. கண் தெரியாமல் நாள் முழுக்க அந்தத் தொணதொணப்பைக் கேட்கிறவருக்குத்தான் அதன் வாயை மூடத் தெரிந்தது.

எழுதினாள். ஒப்பிட்டாள்.

அப்படியே அவருடையது.

அழித்தாள். மறுபடி எழுதினாள். விரல்கள் அதே வழியில்தான் போயின. படித்ததை எப்படிப் படிக்காததாக்குவது?

மூன்றாவது முறை அதே வரிகளுக்குள் இருந்த பெயர்களை மட்டும் மாற்றினாள்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். 'ஒவ்வொரு வரியும் என் சொந்தம், அல்லது சம்மதம் பெற்றது.' டிக் அடித்தால் முடிந்தது.

போன் அடித்தது. அவர்தான்.

"எழுதியாச்சா மேடம்? ஒருதடவ ஓட்டுங்க, கேக்கேன்."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. ஓட்டினாள். குரல் வாசிக்கத் தொடங்கியது. விசையைத் தொட்டாள்.

பாதிச் சொல்லில் நின்றது.

பயமாக இருந்தது அவளுக்கு.

"நல்லா நிக்குது," என்றார். "எனக்கும் இப்பிடித்தான் நின்னுச்சு."

மணி மூன்று ஐம்பத்தாறு. கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

அவர் போனை வைக்கவில்லை.

அவளாலும் வைக்க முடியவில்லை.