ஓப்பன் மைண்டடா நீங்க?

மாடி அறை டீச்சருக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. இரண்டு ஜன்னல், குழாயில் தண்ணீர், பள்ளிக்கூடமும் பக்கம். ஹாஸ்டலை இந்த வாரம் மூடுகிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் பெட்டியோடு நடுத்தெருதான்.

சாவியைக் கொடுக்காமல் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அறுபதைத் தாண்டிய ஆள். மீசைக்குக்கூடச் சாயம்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர். நீங்க ஓப்பன் மைண்டடா?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. தனியாக வந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? மீசைச் சாயத்துக்கும் கேள்விக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

“அர்த்தம் தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?”

சரியாகத் தெரியாது, யாரோ சொல்லக் கேட்டது என்றார் அவர்.

டீச்சர் பொரிந்து தள்ளிவிட்டாள். ஓப்பன் என்றால் திறந்த, மைண்ட் என்றால் மனசு. இங்கிலீஷ்காரன் இரண்டையும் சின்னக் கோடு போட்டு ஒட்டியது, ஒருத்தரைப் பற்றி எதுவும் தெரியாமலே முடிவு கட்டாத ஆளைச் சொல்லத்தான்.

“உங்களை மாதிரி ஆளுங்க நினைக்கிற அர்த்தம் கிடையாது சார்.”

“அப்ப டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார்” என்றார் அவர்.

எந்த டாக்டர் என்று கேட்பதற்குள் மாடிப்படியில் சத்தம். கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை இழுத்து இழுத்து ஒரு அம்மா ஏறி வந்தார். டீச்சரைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். தெருச்சண்டையில்கூட அந்தக் கெட்ட வார்த்தையை யோசித்துத்தான் சொல்வார்கள்.

டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது.

“என் வீட்டுக்காரி. சாப்பிட்டீங்களான்னு கேக்குறா.”

பக்கவாதத்தில் பேச்செல்லாம் போய், வசை மட்டும் மிஞ்சிவிட்டதாம். அதற்கு முன் ஒருவரையும் ‘சீ’ என்று சொல்லாதவள். இப்போது அன்புக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். குடிவந்தவர்கள் எல்லாம் சண்டை பிடித்துக்கொண்டு காலி செய்துவிட்டார்கள். ஓப்பன் மைண்டட் ஆளாகப் பார்த்துக் குடிவையுங்கள், அவளுக்குப் பேச்சுத்துணையாகவும் இருக்கும் என்று டாக்டர்தான் சொன்னாராம்.

அந்த அம்மா இப்போது புருஷனைப் பார்த்து இன்னொன்று விட்டார். முதலாவதே தேவலாம் போலிருந்தது.

“இது?” என்றாள் டீச்சர், மெல்ல.

“இது எனக்கு. வந்த பொண்ணை நிக்க வச்சே பேசறேனாம்.”

டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது எனக்கு விழ வேண்டியதும்மா.”