பத்து விரல் மருதோன்றி

“பொண்ணு பாக்க வாறது ஸஜீதாவையா, ஒங்களையா?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள் றஹீமா.

அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, மபாஸாவின் பத்து விரல்களிலும் இரண்டாம் மூட்டு வரை மருதோன்றி. கல்யாணப் பெண் தோற்றாள். வாங்கிய மூன்று மருதோன்றிக் கோனும் உம்மாவுக்கே தீர்ந்துபோனதால், பெண்ணான மபாஸாவின் மகள் ஸஜீதா வெறுங்கையோடு நின்றாள்.

மபாஸாவுக்கு வேறு வழி இல்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் நகமெல்லாம் கறுத்து வரிவரியாகிவிட்டது. முடி உதிர்ந்த தலையை முக்காடு மூடியது. நகத்துக்கு என்ன செய்வது? கியூடெக்ஸ் பூசினால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்குக் கை கால் கழுவும் வுளு கூடாது. வருகிறவர்கள் அதற்கும் முகம் சுளிப்பார்கள். மாத்தளை முழுக்க முட்டுவலி வைத்தியம் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். உம்மாவின் நோய் நாளைக்கு மகளுக்கும் வரும் என்று யாராவது கிளப்பிவிட்டால் இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான்.

யட்டவத்தயிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா நாச்சியா கறுப்புக் கையுறைகளோடு வந்து உட்கார்ந்தார். பெண்ணைப் பார்த்து ஒரு புன்னகை. அதன்பிறகு அவர் கண் மபாஸாவின் விரல்களை விட்டு நகரவே இல்லை. எந்தக் கடை மருதோன்றி, எத்தனை தரம் பூசியது, எத்தனை நாள் நிற்கும் என்று ஒரே விசாரணை. பதில் சொல்லச் சொல்ல மபாஸாவின் கைகள் முக்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. றஹீமா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

கடைசியில் நாச்சியா கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்த மருதோன்றி எதுக்குன்னு எனக்குத் தெரியும்.”

மபாஸாவுக்கு உயிரே போய்விட்டது. மறைத்தது தப்புத்தான், மகளுக்கு ஒரு நோயும் இல்லை, அவளை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள் என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

நாச்சியா தன் கறுப்புக் கையுறைகளை நிதானமாகக் கழற்றினார். பத்து நகமும் கன்னங்கரேல் என்று இருந்தன.

“கண்டி வார்டுல ஒங்களுக்குப் பக்கத்துக் கட்டில் நான்தான். மாஸ்க்கும் மொட்டையுமா இருந்ததுல ஒங்களுக்கு அடையாளம் தெரியல்ல. நீங்க வாந்தி எடுக்கக்குள்ள ஒங்களுக்குப் பிடிச்ச பேசினைக் கழுவிட்டு ஓடிவந்து எனக்கும் பிடிச்சா ஒங்கட மகள். என் மகனுக்கு இவதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இப்ப சொல்லுங்க, கல்யாணத்துக்கு நம்ம ரெண்டு பேருக்கும் எத்தனை கோன் வேணும்?”