கியரில் நிற்கும் வண்டி

பந்தல்குடி ரோட்டோரச் சரிவில், கியர் பாக்ஸ் உடைந்து நின்றுபோன பழைய லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான் மெக்கானிக் நவாஸ். ஹேண்ட்பிரேக் பிடிக்காத வண்டி. ஜாக்கி தாங்கும் மாற்று கியர் பாக்ஸ், இன்னும் போல்டு பூட்டாமல், அவன் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. புழுதிக் காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. சட்டென்று அந்தச் சத்தம் அடங்குகிறது. தலையைத் திருப்பினால், பின் டயருக்கு அவன் அண்டை கொடுத்திருந்த கல்லைக் காணோம். “அண்ணே, கல்லு எங்க?” என்கிறான். “தார்ப்பாய் மேல வச்சிட்டேன்ப்பா,” என்கிறார் லாரிக்கார சுவாமிதாஸ். “இத்தன வருசமா கியருலதான நிப்பாட்டுறேன், எங்க போயிரப் போவுது?” வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய கியர் பாக்ஸ் நவாஸின் காதருகே கிடக்கிறது, முதல் கியர் விழுந்தபடியே. டயருக்கு அடியில் ஒரு சரளைக்கல் நொறுங்குகிறது.