இடது பக்கத்துத் தவில்

நாகஸ்வரம் வந்துவிட்டது. தவில் வரவில்லை.

கிரகோரி ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். வலது காதில் நாகஸ்வரம் கணீரென்று இருந்தது. இரண்டையும் இரு பக்கமாகப் பிரித்துப் பதிந்த இசைத்தட்டு அது; தவில் வரவேண்டிய இடது பக்கம் செத்துக் கிடந்தது.

கெலாங் பாத்தாவிலிருந்து சாம்பசிவம் என்பவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பழைய ரெக்கார்ட் பிளேயர். ஊசி தேய்ந்து எல்லா இசைத்தட்டும் கரகரத்தது. புது ஊசி போட்டாயிற்று. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் பின்னால் மாட்டும் நான்கு மெல்லிய ஒயர்களில் வெள்ளை ஒயர் அறுந்திருந்தது, அதையும் பற்றவைத்தாயிற்று. வெள்ளை ஒயர் இடது பக்கத்துக்கு உரியது. அதனால் கோளாறு தன் கைவேலையில்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

வழக்கமாக ஸ்பீக்கரில்தான் போட்டுப் பார்ப்பார். இன்று மனம் வரவில்லை. உள்ளே ரீத்தா துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் மங்கள வாத்தியம் முழங்கவிட எந்தப் புருஷனுக்குத் துணிச்சல் வரும்? அலமாரியில் எங்கோ கிடந்த ஹெட்போனைத் தேடி எடுத்தது அதனால்தான்.

காலையில் அவர் முன்னால் வந்து நின்று சொன்னாள். பத்து பாகாட் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது வருவாள் என்று தெரியாதாம். அங்கே இருந்தால் துணைக்கு ஓர் ஆளாவது இருக்குமாம். அக்கா மகன் மத்தியானம் கார் கொண்டுவருவானாம். ஏன் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள்.

"எத்தன தடவதான் ஒருத்தி கேப்பா? இனிமே கேக்க மாட்டேன்."

அதுதான் அவருக்கு விளங்கவில்லை. அவள் எதையுமே கேட்கவில்லையே.

சிரமமான பேச்சையெல்லாம் ரீத்தா காரில்தான் பேசுவாள். முகத்தைப் பார்க்க வேண்டாம், சாலையைப் பார்த்தபடியே சொல்லிவிடலாம். மகன் சிங்கப்பூரிலேயே தங்கிவிடப்போவதைக்கூட சர்ச்சுக்குப் போகும் வழியில்தான் சொன்னாள். சில மாதங்களாக அதுவும் நின்றுபோயிற்று. காரில் ஏர்கான் கெட்டுவிட்டது. அவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியே இருக்கும். மாசாய் சாலை மோட்டார்சைக்கிள்களின் இரைச்சல் மட்டும்தான் கூட வரும். வீடு வந்ததும் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போவாள்.

பாசீர் கூடாங் தொழிற்சாலை வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, முன்னறையைப் பழுதுக்கு வரும் இந்தப் பாட்டுப்பெட்டிகளால் அடைத்துவைத்த கோபம் என்று அவர் நினைத்தார். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்று ஆயுசில் பாதியைத் தொலைத்தவருக்கு அந்தக் கோபம் அநியாயமாகப் பட்டது. பேசாவிட்டால் போகட்டும் என்று அவரும் முறுக்கிக்கொண்டார்.

ஆனால் அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தன்னால் இருக்க முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். போகாதே என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. கையில் வேலை இருந்தது, வேலையைப் பார்த்தார்.

வெள்ளை ஒயரை எடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைத்தார். தவில் வரவில்லை.

பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரே வழிதான். இடதை வலதாக மாற்றிப் போட வேண்டும். எதை மாற்றும்போது பழுதும் கூடவே இடம் மாறுகிறதோ, கோளாறு அதில்தான்.

கார்ட்ரிட்ஜில் ஒயர்களை மாற்றி மாட்டினார். இப்போது வலது காதில் தவில் விழுந்தது, நாகஸ்வரம் காணாமற்போனது. ஆக, கார்ட்ரிட்ஜ் இரண்டு பக்கமும் உயிரோடுதான் இருக்கிறது. ஒயர்களை முன்போலவே வைத்துவிட்டு ஒலியைப் பெருக்கும் ஆம்பின் பின்னால் பிளக்குகளை மாற்றினார். இடது பக்கம் அசையவில்லை. வேறொரு ஆம்பைத் தூக்கிவைத்து, பிளக்குகளைப் பழையபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் இல்லை.

மிச்சம் இருந்தது ஹெட்போன். சனியன் பிடித்தது இதுதானா என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றித் திருப்பி மாட்டினார்.

செத்துக் கிடந்த பக்கம் வலது காதுக்கு வந்ததும் தவில் அதிர்ந்தது. உயிரோடு இருந்த பக்கம் இடது காதில் உட்கார்ந்ததும் ஊமையானது.

மாற்றிப் போட இனி எதுவும் இல்லை.

கிரகோரி ஹெட்போனை இறக்கிவைத்தார். இடது காதருகே விரலைச் சொடுக்கினார். வலது காதருகே சொடுக்கினார். பிறகு இடது காதருகே ஒருமுறை, பலமாக.

பிரஸ் மெஷின் நின்றிருந்தது அவருடைய இடது பக்கம்.

காரில் ரீத்தா உட்காருவதும் இடது பக்கம்.

வாசலில் ஹார்ன் அடித்தது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. ரீத்தா கூடத்து சோபாவில், பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டு போய், அவள் தன் வலது பக்கம் வரும்படி ஒட்டி உட்கார்ந்தார். இடது காது போய்விட்டது என்றும், தனக்கே இப்போதுதான் தெரியும் என்றும் சொன்னார். 

"கார்ல என்ன கேட்ட, ரீத்தா? இந்தக் காதுல சொல்லு."

அவள் அவரையே பார்த்தாள். ஹார்ன் மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. காரில் பேசும்போது செய்வதுபோல முகத்தை நேராகத் திருப்பி, திறந்திருந்த வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மார்ல கட்டி வந்திருக்குங்க. ஆப்பரேஷனுக்குக் கூட வர்றீங்களான்னு கேட்டேன். பயமா இருக்குன்னும் சொன்னேன்."