இரண்டு காவல்

மாலை வெயில் கணினித் திரையில் சாய்ந்து கிடக்கிறது. வைரஸ் ஸ்கேன் மறுபடியும் பாதியில் நின்று, பிழை என்று சிவப்பாகக் காட்டுகிறது. மருமகள் ஒரு வருடமாக மொழிபெயர்த்த நாவல் உள்ளேதான் இருக்கிறது. மவுஸை உருட்டிக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்துவிடுகிறாள். “அண்ணி, இதுல ரெண்டு ஆன்டிவைரஸ் இருக்கு. ஒண்ணை ஒண்ணு வேலை செய்ய விடாம மல்லுக்கட்டுது. ஒண்ணு நீங்க போட்டது. இன்னொண்ணு?”

கதவோரம் ஒரு செருமல். மருமகளின் வேலையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டிராத மாமனார், வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நிற்கிறார். “நான்தாம்மா போட்டேன். கண்ணு முழிச்சு எழுதுற, எதுவும் போயிடக் கூடாதேன்னு...”

“எதை எடுக்கட்டும் அண்ணி?”

“என்னோடதை எடுத்துடு.”

ஸ்கேனின் பச்சைக் கோடு இப்போது நிற்காமல் நகர்கிறது. மாமனார் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மருமகள் தன் பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போடுகிறாள்.